காருக்கு அடியில் விரித்த அட்டை

எங்கள் வீட்டில் கிளட்ச் மிதிக்கிற கால் போன பிறகுதான் கிளட்ச் இல்லாத கார் வந்தது.

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. இடது பாதத்தில் முள் குத்தி, அது புண்ணாகி, புண் கறுத்து, கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகும் ஜீப்பைக் காலமெல்லாம் ஓட்டியவர். மயக்கம் தெளிந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தார். பிறகு, "பிரேக்குக் காலு இருக்குல்ல, அது போதும் டீச்சர்" என்றார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மனிதர் அந்த நேரத்திலும் வண்டியைத்தான் நினைத்தார்.

டீச்சர் என்றது என்னைத்தான். கல்யாணத்துக்கு முன்னால் அப்படிக் கூப்பிட்டார், பின்னாலும் மாற்றவில்லை. எனக்கு முதல் வேலை மலைமேல், தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். பஸ்ஸை நம்பினால் மணியடித்து முடித்த பிறகுதான் போய்ச் சேர முடியும். அதனால் வேலையாட்களோடு ஜீப்பில் போவேன். பின்னால் பெண்கள் தூக்குவாளியும் அரிவாளுமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மட்டும் டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. "டீச்சர் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

சாயங்காலம் இறங்கும்போது அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. போடிமெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் ஒரு வளைவு. அங்கிருந்து கீழே போடி முழுவதும் தெரியும். அந்த வளைவில் கியரை நியூட்ரலில் தள்ளி இன்ஜினை அணைத்துவிடுவார். மலை ஜீப்பு ஓட்டுகிற எல்லோரும் செய்வதுதான். இறக்கம்தானே, வண்டி தானாக உருளும், டீசல் மிச்சம். அதில் இருக்கிற ஆபத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். இரைச்சல் நின்றதும் காற்றுச் சத்தமும் டயர் சத்தமும் மட்டும் இருக்கும். பின்னால் ஊர்க்கதை பேசிக்கொண்டு வரும் பெண்கள்கூடத் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்போது ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்பார்:

"இன்னைக்கு எத்தனை பேரு டீச்சர்?"

பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று அர்த்தம். நான் சொல்வேன். மழைக்காலத்தில் குறைவாகச் சொன்னால், "அடடா" என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்த "அடடா"வில்தான் நான் விழுந்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் நம்பவில்லை. டீச்சருக்கு டிரைவரா என்று ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தார்கள். பிறகு பேசினார்கள். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எனக்குப் பள்ளிக்கூடம், அவருக்கு ஜீப்பு என்று காலம் ஓடியது.

கால் போனதும் ஜீப்பை விற்றோம். ஜீப்பை வாங்கியவர் ஓட்டிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை இவர் வாசலில் ஊன்றுகோலோடு நின்றார். உள்ளே வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அப்படியே விட்டால் மனிதர் கட்டிலோடு கட்டிலாகிவிடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நான்தான் விசாரித்து, கேரளா நம்பர் போட்ட பழைய கார் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆட்டோமேட்டிக். ஒரு மிதி ஓடுவதற்கு, ஒரு மிதி நிற்பதற்கு. இரண்டுக்கும் வலது கால் ஒன்றே போதும்.

வண்டி வந்த அன்றைக்குத் தெருவே கூடிவிட்டது. இவருடைய பழைய சிநேகிதர் ஒருவர், ஜீப்பு மெக்கானிக், பேனட்டைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"மாப்ளே, இது வண்டி இல்ல, கிரைண்டரு. சுச்சியப் போட்டா ஓடும், அமத்துனா நிக்கும். ஆம்பள ஓட்டுற வண்டியா இது?"

"ஒத்தக்கால் ஆம்பள ஓட்டுவான்டா" என்றார் இவர். சிநேகிதருக்கு முகம் போன போக்கைப் பார்த்து இவரே சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு வாரத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடிப்பார். மெட்டில் டீ நன்றாக இருக்கும், குரங்கணியில் தெரிந்தவர் வீட்டு விசேஷம், மேலே மழை பெய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பொருத்திய கட்டைக்காலை ஓரமாக நீட்டிவைத்துவிட்டு ராஜா மாதிரி ஓட்டுவார். நான் பக்கத்து சீட்டில், எனக்கு உரிய இடத்தில். திரும்பி வரும்போது அதே வளைவு வரும். கை தானாகப் போய்க் கியர்த்தண்டை நியூட்ரலில் தள்ளும். இன்ஜினை அணைத்தால் இந்த வண்டியில் பிரேக்கு இறுகிவிடும் என்று அதை மட்டும் அணைக்காமல் விட்டுவைத்தார். அது முனகுகிற சத்தம் காற்றில் கேட்காது. பிறகு கேள்வி வரும்: "இன்னைக்கு எத்தனை பேரு டீச்சர்?" நான் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. டீக்கடையில் பார்த்த ஆட்களைக் கூட்டிச் சொல்வேன். "அடடா" என்பார்.

வண்டியோடு வந்த புத்தகத்தை நான் முழுவதும் படித்தேன். டீச்சர் புத்தி. இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள், கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சரியாக ஓடாது, சூடேறும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன்.

"இத எழுதுனவன் போடிமெட்டுல எறங்கியிருக்கானா?" என்றார்.

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றேன்.

"சுடுகாட்டுக்கும் எறக்கந்தான டீச்சர், நூட்ரல்லயே போயிரலாம்" என்றார். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

கியர்பாக்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் காலையில் வாசல் சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு சொட்டு. பீட்ரூட் நறுக்கிய தண்ணீர் போல இருந்தது. மறுநாள் இரண்டு மூன்று. மளிகைக்கடையிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றை வாங்கிப் பிரித்து, காருக்கு அடியில் விரித்தார். எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று அட்டையில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு காலையில் எழுந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அட்டை காஞ்சிருக்கா?" என்பதுதான். நான் குனிந்து பார்த்து, "ஈரம்" என்பேன். காபி அதற்கு அப்புறம்தான்.

சிநேகிதர் வந்து பார்த்தார். சக்கரத்துக்குப் போகிற தண்டு, ஆக்சில், கியர்பாக்ஸுக்குள் நுழைகிற வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஆயில் சீல் என்பார்கள். சூட்டில் அது கட்டையாகப் போய்விட்டது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

"மாத்திரு" என்றார் இவர்.

"ஜீப்புன்னா கண்ணக் கட்டிக்கிட்டு மாத்துவேன் மாப்ளே. ஆட்டோமேட்டிக்ல நான் கை வைக்க மாட்டேன். ஒரு தூசி உள்ள போனாலும் சோலி முடிஞ்சது. மதுரைக்குக் கொண்டு போ."

மதுரையில் பார்த்தவர்கள் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டியிருக்கும், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், ஆகும்போது சொல்கிறோம் என்றார்கள். இவர் சாவியைக் கொடுக்கவில்லை. வெளியே வந்து மரத்தடியில் நின்றார். "ஏற்கெனவே ஒண்ண இந்த ஊர்ல விட்டுட்டுத்தான் டீச்சர் வந்தேன். இதையும் விட்டுட்டு வர மாட்டேன்" என்றார். சீல்களை மட்டும் கடையில் வாங்கிக்கொண்டு, ஒழுக ஒழுக வண்டியை ஓட்டிக்கொண்டு போடிக்கே வந்து சேர்ந்தோம்.

அன்றைக்கே சொல்லிவிட்டார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்வார், நான் கீழே படுத்துச் செய்வேன். அவரால் படுக்க முடியும், எழுந்திருக்க முடியாது. "நான் என்ன மெக்கானிக்கா?" என்று கத்தினேன். "பி.எட். முடிச்சவளுக்கு இது வராதா?" என்றார். அதே வாரம் எனக்கு லைசென்ஸுக்கும் எழுதிப் போட வைத்தார். இந்த வயதில் எதற்கு என்றேன். "வண்டிக்கு அடியில படுக்கிறவளுக்கு மேல உக்காரவும் உரிமை வேணும்ல" என்றார். கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சிநேகிதர் ஒருநாள் வந்து பாரமான வேலையைச் செய்து கொடுத்தார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, மலையில் அறுத்த சவுக்குக் கட்டைகளை அடியில் அண்டக்கொடுத்தார். சக்கரத்தைக் கழற்றி, நடு நட்டை நீளக் குழாய் மாட்டித் திருகி எடுத்தார். "ஆக்சில உருவும்போது வெரசா இழுக்காத தங்கச்சி, பைய உருவு" என்று எனக்குச் சொல்லிவிட்டு, உள்ளே கை வைக்காமல் நழுவிவிட்டார்.

நான் பழைய சேலையை விரித்துக் கீழே படுத்தேன். கீழே இருந்த மூடியைத் திறந்து எண்ணெயை ஒரு தட்டில் வடித்தேன். சிவப்பாக வர வேண்டியது கறுஞ்சிவப்பாக, தீய்ந்த வாடையோடு வந்தது. ஆக்சிலை உருவினேன். பழைய சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தபோது விரலால் அழுத்திப் பார்த்தேன். ரப்பர் என்று சொல்லவே முடியாது. காய்ந்த புளியங்கொட்டை மாதிரி இருந்தது. புது சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, வாயில் பொருத்தி, கோணாமல் தட்டி இறக்க வேண்டும். அதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாம். நம்மிடம் ஏது? அடுப்படியிலிருந்து இரும்பு ஆழாக்கை எடுத்துவரச் சொன்னார். வைத்துப் பார்த்தால் அதன் அடிப்பாகம் சீலின் அகலத்துக்கு அளந்து செய்தது போல் இருந்தது. நான் அரிசி அளக்கிற ஆழாக்கு. சீலின்மேல் அதை வைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன்.

"தட்டு... தட்டு... இன்னுங் கொஞ்சம்... மதி."

மதி என்றால் மலையாளத்தில் போதும் என்று அர்த்தம். மேலே தோட்டங்களுக்கு ஓட்டி ஓட்டி வாயில் ஒட்டிக்கொண்ட சொல். சத்தத்தை வைத்தே சீல் அடியில் போய் உட்கார்ந்ததா என்று சொல்லிவிடுவார். தட்டுகிற சத்தம் கெட்டியானதும் "மதி" என்று வரும்.

கீழே படுத்திருப்பவளுக்கு மேலே இருப்பவருடைய முகம் தெரியாது. வண்டிக்கும் தரைக்கும் நடுவில் தெரிந்ததெல்லாம் நாற்காலியின் கால்களும் அவருடைய கால்களும்தான். ஒன்று கட்டைக்கால், ஷூ போட்டது. இன்னொன்று நிஜக்கால். அதில் சாக்ஸ் போட்டிருந்தார். போடி வெயிலில் அவர் வாழ்நாளில் சாக்ஸ் போட்டதில்லை.

"என்ன மாப்பிள்ளைக் கோலம், சாக்ஸெல்லாம்?" என்று கீழே இருந்தே கேட்டேன்.

"கால்ல தூசி படக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல" என்றார்.

அது சரிதான் என்று பட்டது. சாக்ஸின் பெருவிரல் பக்கம் கறுஞ்சிவப்பாக ஒரு திட்டு இருந்தது. என் கையெல்லாம் அதே நிறம், சேலையெல்லாம் அதே நிறம், தட்டில் வடிந்து கிடந்ததும் அதே நிறம். "எண்ணெய் பட்டிருக்கு பாருங்க" என்றேன். காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஆமா, தெறிச்சிருச்சு" என்றார்.

முதல் தடவை போட்ட சீல் நிற்கவில்லை. வெயிலுக்கு முன்னால் முடிக்கலாம் என்று நான் அவசரப்பட்டதில் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. மறுநாள் அட்டை ஈரம். "டீச்சர் பெயிலு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆழாக்கைத் தூக்கி எறிந்தேன். அது உருண்டு போய் அவர் காலடியில் நின்றது. குனிந்து எடுத்து, வேட்டியில் துடைத்து, "பெயிலானா மறுபடி எழுதணும், பேனாவ எறியக் கூடாது" என்று நீட்டினார். நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே எனக்குத் திருப்பிச் சொல்லிவிட்டார்.

சிநேகிதரே மதுரைக்குப் போய் இன்னொரு ஜோடி வாங்கிவந்தார். இரண்டாவது தடவை எனக்குக் கை பழகிவிட்டது. "மதி" என்று அவர் சொல்வதற்கு முன்பே நிறுத்தினேன். மேலே அந்த நாற்காலியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். கடைசியில் புது எண்ணெய் ஊற்றினோம். இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு, கியர்த்தண்டை பி, ஆர், என், டி என்று ஒவ்வொரு எழுத்திலும் வைத்து எடுக்க வேண்டும். அவர்தான் ஏறுவார் என்று கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

"நீ உக்காரு."

"நானா?"

"பிரேக்க அமுக்கத் தெரியும்ல? உக்காரு."

உட்கார்ந்தேன். மறுநாள் அட்டை காய்ந்திருந்தது. அவசர அவசரமாக ஓடிப்போய்ச் சொன்னேன். பரீட்சை முடிவு வந்த பிள்ளை மாதிரி ஓடினேன் என்று அப்புறம் அவர் கேலி செய்தார். ஆனால் அப்போது கேலி செய்யவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சரி, இனி கவலை இல்ல" என்றார். எண்ணெய் போகாத அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டார்.

சிலமலை ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனோம். அங்கும் அவர் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். அவரை அந்த சீட்டில் நான் பார்த்ததே கிடையாது. ஜீப்புக் காலத்தில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போய், நான் வரப்பில் ஏற்றி நிறுத்தியதோடு அந்தப் பாடம் முடிந்திருந்தது. இப்போது மறுபடி ஆரம்பித்தார். நான் அந்த ஜீப்பு நினைப்பில் இடது காலால் கிளட்சைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

"அந்தக் காலை மடக்கி வச்சுக்க டீச்சர். இந்த வண்டிக்கு அது வேணாம். ரெண்டு காலும் இருக்கிறவங்களுக்குத்தான் இது கஷ்டம்."

வயல்களுக்கு நடுவே ராசிங்காபுரம் வரை போய்த் திரும்பினோம். ஒரு இடத்தில் ஆட்டுக்கூட்டம் வந்தபோது பதறிப்போய் நிறுத்தினேன். அவர் கைதட்டினார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்த் துணிகளைத் துவைக்க எடுத்தேன். எண்ணெய்க் கறைக்கு மண்ணெண்ணெய் வைத்துக் கசக்கினால் போய்விடும். சேலையில் போனது. அவருடைய வேட்டியில் போனது. சாக்ஸில் மட்டும் போகவில்லை. திரும்பத் திரும்பக் கசக்கினேன். மண்ணெண்ணெய் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை மேலே வந்தது. அந்த வாடை எனக்குத் தெரியும். இடது கால் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்த வாடை.

ஈரக் கையோடு உள்ளே ஓடினேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மண்டி போட்டு, போட்டிருந்த சாக்ஸை உருவினேன். உள்ளே துணியைச் சுற்றி வைத்திருந்தார். பெருவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்வோம். என் கணவர் ஒரு சாக்ஸுக்குள் மறைத்திருந்தார்.

நான் அடித்தேன். தோளில், மார்பில், எங்கே கை பட்டதோ அங்கே அடித்தேன். அவர் தடுக்கவில்லை.

"எப்ப இருந்து? எப்ப இருந்துங்க?"

"மதுரைக்கு வண்டியக் காட்டப் போனோம்ல, அதுக்கு முந்தியே. மிதி மேல கால் இருக்கா இல்லையான்னே தெரியல டீச்சர். குனிஞ்சு பாத்துப் பாத்து ஓட்டுனேன்."

"சொல்றதுக்கு என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"காலச் சொல்லியிருந்தா நீ காரத் தொட்டிருப்பியா?" என்றார். பிறகு மெதுவாக, "இந்தக் காலும் எடுத்துட்டா எனக்கு என்ன வண்டி இருக்கு? நீ ஓட்டுற வண்டிதான். அது ஒழுகாம இருக்கணும், உனக்கு ஓட்டத் தெரியணும். ரெண்டும் முடிஞ்ச பெறகு ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு இருந்தேன். ரெண்டு காலும் இல்லாம முன் சீட்டுல உக்காந்து மெட்டுக்குப் போவேன், நீ ஓட்டிக்கிட்டுப் போவ. அவ்வளவுதான் யோசிச்சேன்" என்றார்.

செத்துப்போக வேண்டும் என்று அவர் மறைக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. பிழைத்து என் பக்கத்தில் உட்கார்ந்து வருவதற்குத்தான் மறைத்தார். கால் போகும் என்று கணக்குப் போட்டிருந்தார். விஷம் இரத்தத்தில் ஏறும் என்று அவருக்குத் தெரியாது.

மதுரையில் காலை எடுத்தார்கள். ஆனாலும் காய்ச்சல் இறங்கவில்லை. உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். தெளிவு வந்து வந்து போனது. தெளிவாக இருந்த ஒரு நேரத்தில், "அட்டை காஞ்சிருக்கா?" என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போயே நாளாகிவிட்டது. "காஞ்சிருக்குங்க" என்றேன். பிறகு தண்ணீர் கேட்டார். ஸ்பூனால் கொடுத்தேன். ஒரு வாய், இரண்டு வாய். மூன்றாவது ஸ்பூனைக் கொண்டுபோனபோது, "மதி டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு வாசலுக்கு வந்தேன். கார் விட்ட இடத்திலேயே நின்றது. குனிந்து பார்த்தால் அட்டை காய்ந்திருந்தது. அவரிடம் சொன்னது பொய்யாகவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், அதே பழைய சேலையை விரித்து அடியில் ஊர்ந்துபோய் சீலைத் தொட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. தலையைத் திருப்பினேன். நாற்காலி அவர் போட்ட இடத்திலேயே கிடந்தது. அதன் கால்கள் மட்டும் தெரிந்தன. அங்கேயே படுத்து எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. சிநேகிதர்தான் வந்து, "வெளிய வா தங்கச்சி, வெளிய வா" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

எனக்கு இன்னும் அவர்மேல் கோபம் தீரவில்லை. எழுதும்போதுகூட வருகிறது. ஒரு கார் ஒழுகாமல் இருப்பதற்காக ஒரு மனிதன் செத்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். அது காருக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

டெஸ்டு முடிந்து லைசென்ஸ் வந்தது. அதைக் காட்ட ஆளில்லாமல் கொஞ்ச நாள் அலமாரியில் கிடந்தது. தை பிறந்த பிறகு ஒருநாள் வண்டியை எடுத்தேன். முந்தல் தாண்டி மலை ஏறும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். இடது காலை மடக்கி வைத்துக்கொண்டேன். லாரிக்கு ஒதுங்கி, ஜீப்புகளுக்கு வழிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து மெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். டீக்கடைக்காரர் என்னையும் பக்கத்து சீட்டையும் பார்த்தார். எதுவும் கேட்காமல் சர்க்கரை போடாத டீயையும் சேர்த்து இரண்டாகப் போட்டுவிட்டார். பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டையும் நானே குடித்தேன்.

இறங்கினேன். வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அந்த வளைவு வந்தது. கீழே போடி தெரிந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, கியர்த்தண்டை நியூட்ரலில் தள்ளினேன். நான் எத்தனை தடவை திட்டிய காரியம்.

சத்தம் அடங்கியது. காற்றும் டயரும் மட்டும் கேட்டன. டீசல் மிச்சம், டீசல் மிச்சம் என்று அந்த மனிதர் ஆயுள் முழுக்கச் சொன்னதை நான் நம்பியிருந்தேன். இந்த மலையில் ஜீப்பு இரைச்சலில் பக்கத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்றால், கேட்பதற்கு இந்த ஒரு இடம்தான் அவருக்கு இருந்திருக்கிறது. அதற்காகத்தான் அவர் இன்ஜினை அணைத்தார்.

காத்திருந்தேன். வளைவு முடியப்போகிறது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

"இன்னைக்கு நான் ஒருத்திதாங்க" என்று நானே சொன்னேன்.